இந்தத் தடவை சக் முகத்தைப் பாருங்கள்

பெரியவீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

பாளை மாமா, இரவு 9.12: நேற்று அந்த ஷட்டர் ஐலண்ட் இங்கிலீஷ் படம் பார்த்து முடித்தேன். 138 நிமிஷம். காணாமல் போன பொம்பளையைத் தேடித் தீவிலுள்ள மனநோய் ஆஸ்பத்திரிக்கு வந்த மார்ஷலே (அமெரிக்க அரசாங்கப் போலீஸ் அதிகாரி) அங்கே நோயாளி என்று கடைசியில் சொல்கிறார்கள். அப்போ அதுவரை நான் பார்த்தது என்ன? ஏமாத்து வேலை.

சுபா: இல்லை மாமா, எல்லாவற்றையும் நம் கண் முன்னாலேயேதான் வைத்திருக்கிறார் டைரக்டர் ஸ்கார்செஸி. இன்னொரு தடவை பாருங்கள், மார்ஷல் டெடியாக வருகிற டிகாப்ரியோவை விட்டுவிட்டு, கூட்டாளி மார்ஷல் என்று கூட வருகிற சக்கை மட்டும். அவர்தான் உண்மையில் டெடிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஷீஹன். தீவில் இறங்கியதும் துப்பாக்கியைக் கேட்பார்களே, டெடி சட்டென்று கொடுத்துவிடுவார், சக் உறையைக் கழற்ற முடியாமல் இடுப்போடு மல்லுக்கட்டுவார். மார்ஷலுக்கு அது பழகிய வேலை, டாக்டருக்குத்தான் கை தடுமாறும்.

பாளை மாமா: அட, புது இடம், பதற்றம் என்று நினைத்தேன்.

சுபா: ஷீஹன் டாக்டரைப் பற்றி டெடி கேட்கும்போது அந்த நோயாளி அம்மாவின் கண் சக் பக்கம் ஒரு தடவை போய்வரும். ஷீஹனே எதிரில் இருக்கிறார், பாவம் அவள் என்ன சொல்வாள்!

தென்காசி அத்தான்: அதே இடத்தில் அவள் தண்ணீர் குடிக்கும்போது கையில் கிளாஸே இல்லை, வெறுங்கை. அது எடுத்தவர்கள் விட்ட தப்புதானே?

சுபா: அடுத்த ஷாட்டில் கிளாஸை மேஜையில் வைக்கிறாளே அத்தான். எடிட் செய்தது தெல்மா ஸ்கூன்மேக்கர், 1980-லிருந்து ஸ்கார்செஸியோடு இருப்பவர், அவர் கண்ணில் படாமலா போகும்? நாம் பார்ப்பது டெடி மனசு வழியாக. தண்ணீர் என்றால் அந்த மனசு மூடிக்கொள்கிறது.

அம்பை சித்தி: சுபா சொல்வது சரி. மூன்று பிள்ளைகளும் ஏரியில் போனபின் அந்த மனுஷன் தண்ணீரை எப்படிப் பார்ப்பான்? முதல் காட்சியிலேயே படகில் வாந்தி எடுத்துவிட்டு, வெறும் தண்ணீர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரெண்டாவது தடவை அதே இடத்தில் அழுதுவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகனை ஆற்றில் பறிகொடுத்தவள், படித்துறைப் பக்கமே வரமாட்டாள், ஆடி மாதம் தண்ணீர் நிறைந்து ஓடும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை அண்ணாச்சி. ஷீஹனும் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருமாக ரெண்டு பேரும் அவன் கட்டிய கதைக்குள்ளேயே கூட நடந்து அவனைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறார்கள், நோயாளியிடம் அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

தென்காசி அத்தான்: கை நடுக்கம், தலைவலி எல்லாம்?

சுபா: ரெண்டு வருஷமாகக் கொடுத்த குளோர்ப்ரோமசின் என்கிற மனநோய் மருந்தை நிறுத்தியதால். படத்திலேயே சொல்வார்கள்.

பாளை மாமா, காலை 6.40: ராத்திரியே மறுபடி முழுசாகப் பார்த்தேன் சுபா. தீவில் காவல்காரர்கள் துப்பாக்கியோடு விறைத்து நிற்பது இவனுக்குப் பயந்துதான்! கடைசியில் படிக்கட்டில் உட்கார்ந்து, கொடியவனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா, எது மோசம் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறான். பின்னாலிருந்து டெடி என்று, அவனாகக் கட்டிக்கொண்ட பெயரில், கூப்பிடுகிறார் ஷீஹன் டாக்டர். திரும்பவே இல்லை. முந்தாநாள் அவனுக்குப் புத்தி மறுபடி கலங்கிவிட்டது என்றல்லவா நினைத்தேன், மூளை அறுவைக்குத் தெரிந்தேதான் போகிறான்.

அம்பை சித்தி: ஆமாம் அண்ணாச்சி.

பாளை மாமா: சாயங்காலம் உன் அத்தையையும் உட்கார வைக்கப்போகிறேன் சுபா. அதற்குள் யாரும் அவளுக்குப் போன் போட்டு முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.