சுகருக்கு லேசர் வாட்ச், அப்பாவுக்கு வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, 14 வருஷமா சுகர், மெட்ஃபார்மின் மாத்திரை போடுறார். போன வாரம் ஒரு கேம்ப்ல மணிக்கட்டுல கட்டுற லேசர் வாட்ச காட்டி, 650 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சம் ரத்தத்துல பட்டா சுகர் இறங்கிடும்னு சொல்லிருக்காங்க, விலை 18 ஆயிரம். வாங்குறதுக்கு முன்னாடியே மாத்திரை டப்பாவ தூக்கி பரண்ல போட்டுட்டார், எனக்கு பயமா இருக்குங்க. யாராவது யூஸ் பண்ணிருக்கீங்களா?

பதில் 1: முதல்ல அந்த டப்பாவ கீழ இறக்குங்க!! என் மாமியார் இதே மாதிரி வாட்ச நம்பி ரெண்டு மாசம் மாத்திரைய விட்டாங்க, ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சுகர் சராசரிய காட்டுற டெஸ்ட்) 7.4ல இருந்து 10.1 ஆயிடுச்சு.

பதில் 2: வெளிச்சத்த வச்சு ஆராய்ச்சி நடக்குறது உண்மைதாங்க. 2024ல லண்டன்ல 30 பேர வச்சு பண்ணாங்க, பாதி பேருக்கு முதுகுல 15 நிமிஷம் 670 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சம் அடிச்சுட்டு அப்புறம் எல்லாருக்கும் குளுக்கோஸ் தண்ணி குடுத்து பார்த்ததுல, வெளிச்சம் பட்டவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துல சுகர் ஏறுறது 27.7% குறைஞ்சுது. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா வேகமா குளுக்கோஸ எரிக்குதுங்கறது அவங்க விளக்கம். ஆனா அந்த 30 பேர்ல ஒருத்தருக்கும் சுகர் கிடையாது, அது லேசரும் இல்ல, மாத்திரைக்கு பதில்னும் யாரும் சொல்லல.

பதில் 3: சுகர்காரங்களுக்கு லேசர் நிஜமா கைகொடுக்குறது கண்ணுலதான். ரெட்டினோபதிக்கு, அதாவது சுகரால விழித்திரை கெட்டுப்போறதுக்கு, எனக்கே போட்டாங்க, தாடைய ஸ்டாண்டுல வச்சு உக்காந்தா பளிச் பளிச்னு பச்சை வெளிச்சம், லேசா சுருக்குன்னு இருக்கும். 14 வருஷம்னா அப்பாவுக்கு விழித்திரை செக்கப் பண்ணியாச்சா?

கேள்வி கேட்டவர்: இல்லைங்க, ஒரு தடவை கூட பண்ணல. நாளைக்கே கூட்டிட்டு போறேன். மாத்திரைய இப்பதான் கெஞ்சி போட வச்சேன்.