முகச்சுருக்கத்துக்குப் போடாக்ஸ் ஊசி போட்டு 9 நாள், வலது இமை இறங்கிவிட்டது. முகூர்த்தத்துக்கு 19 நாள்தான்!

கோவைக்காரி:
வயது 47. பையனுக்குக் கல்யாணம். புருவ நடுவில் இரண்டு கோடு விழுந்து, சும்மா உட்கார்ந்திருந்தாலே முறைக்கிற மாதிரி இருப்பேன். "சம்பந்தி வீட்டுல பயந்துடுவாங்க"ன்னு வீட்டுக்காரர் கேலி பண்ணப் பண்ண, ரோஷத்தில் போய் 20 யூனிட் போட்டுக்கொண்டேன். 5 இடத்தில் ஊசி. நாலாம் நாளே கோடு மங்கியது, சந்தோஷம்தான். ஏழாம் நாள் காலையில் பார்த்தால் வலது கண் பாதித் தூக்கத்தில்! மை இட்டால் மேல் இமையெல்லாம் அப்புகிறது. நாத்தனார் பக்கவாதம் என்கிறார். போட்ட இடத்தில் கேட்டால் "தானா சரியாயிடும் மேடம்". கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டுக்கொள்ளலாமா?

பழைய நர்ஸ்:
சரும கிளினிக்கில் வேலை பார்த்தவள் நான். அக்கா, கரைக்கிற ஊசி, பள்ளத்தை நிரப்பப் போடுகிற ஃபில்லருக்கு, அதுவும் ஹையலூரானிக் அமில ஃபில்லருக்கு மட்டும். போடாக்ஸுக்கு அது உதவாது. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் நரம்பு நுனியில் வெளிவராமல் அடைத்துவிடுவதுதான் இந்த மருந்தின் வேலை. நரம்பு மீண்டு வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். கோடு மூன்று நாலு மாதம் மறைந்திருக்கும். இமை அதற்கு முன்பே, பெரும்பாலும் சில வாரங்களில் ஏறிவிடும். முகூர்த்தத்துக்குள் ஏறுமா என்றால் சத்தியம் பண்ண மாட்டேன்.

புருவத்தை விரலால் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் இமை தொங்கினால், இமையைத் தூக்கும் தசைக்கே மருந்து பரவியிருக்கிறது. அதற்கு அப்ராக்ளோனிடின் 0.5% சொட்டு மருந்து உண்டு. இமையில் இருக்கும் இன்னொரு சின்னத் தசையை முடுக்கி 1, 2 மி.மீ. தூக்கும். புருவமே இறங்கியிருந்தால் சொட்டால் பயனில்லை. எதுவானாலும் கண் டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும், மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள்.

வாய் கோணுவது, கை தளர்வது, இரட்டையாகத் தெரிவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆமாம், ஊசி போட்ட அன்று மருந்து பரவுகிற மாதிரி முகத்தைத் தேய்த்தீர்களா?

இரண்டு பிள்ளைக்காரி:
எனக்கு ஐந்து வாரம் இழுத்தது. நாளுக்கு நாலு தடவை கண்ணாடி பார்த்து அழுததுதான் மிச்சம். "சமப்படுத்த இந்தப் பக்கமும் கொஞ்சம் போடறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு கண்ணே போதும்! போட்டோகிராபரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இடப்பக்கமாக நின்று எடுப்பார்.

கோவைக்காரி:
கண் டாக்டரிடம் போய் வந்தேன். கண்பாப்பாவில் டார்ச் அடித்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பக்கவாதம் இல்லை என்றார். அந்தச் சொட்டுதான். விட்டால் கொஞ்ச நேரம் கண் திறக்கிறது, சாயங்காலம் மறுபடி அசதி. முகூர்த்தம் காலை ஏழரைக்கு என்பதால் அன்றைக்கு எப்போது விடுவது என்றும் கேட்டுக்கொண்டேன்.

தங்கச்சி, தேய்த்தேனா என்று கேட்டாயே... ஊசி போட்ட அன்று சாயங்காலமே பார்லரில் ஃபேஷியல், நல்லா அழுத்தி மசாஜ். முன்பணம் கட்டியிருந்தேன், விட மனசு வரவில்லை. டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

நாத்தனாரிடம் கண்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாமக்கட்டியை உரைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.