தன்னை நேசிப்பதா, "நான்" என்பதை அழிப்பதா? எந்த வழியில் மனம் ஆறும்?

காரைதீவு ஆசிரியை எழுதியது:

வணக்கம். நான் கிழக்கிலங்கையின் காரைதீவில் வசிக்கும் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, வயது 46. ஒன்றரை வருடமாக மனத்துக்குள் வைத்திருக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன். நேரில் தெரிந்த எவரிடமும் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் அம்மா மறதி நோயோடு ஆறு வருடங்கள் இருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு எனக்குச் சீதனமாக வந்ததால் அம்மாவும் என்னோடுதான் இருந்தார். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். ஆகவே பகலில் பாடசாலை, பின்னேரம் தொடங்கி விடியும்வரை அம்மா என்றே என் நாட்கள் கழிந்தன. பொழுது சாயத் தொடங்கினால் அவருக்குப் பதற்றம் கூடிவிடும். "வீட்டுக்குப் போகவேணும்" என்று எங்கள் சொந்த வீட்டுப் படலையையே பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் சாமத்தில், மூன்றாவது தடவையாகப் பாயை நனைத்துவிட்டு, அந்தப் பன்பாயின் ஓரத்தை விரலால் ஒவ்வொரு இழையாகப் பிய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் தோளில் நான் கையை ஓங்கி அடித்துவிட்டேன். ஓர் அடிதான். அவர் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "இனிச் செய்யமாட்டன் அம்மா" என்றார். என்னைத் தன் தாய் என்று நினைத்துவிட்டார்.

அதன் பிறகு ஏழு மாதங்கள் இருந்தார். அந்த ஏழு மாதத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அம்மாவை நினைக்கும்போது அந்தக் குரலைத் தவிர வேறொன்றும் என் காதில் விழுவதில்லை.

இதிலிருந்து மீள்வதற்காக நேர்மறை உளவியல் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். காலையில் கண்ணாடி முன் நின்று "நான் நல்ல மகள், என்னை நான் நேசிக்கிறேன்" என்று சொல்லும்படி ஒரு காணொளியில் சொன்னார்கள். இரண்டு மாதம் சொன்னேன். சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் "பொய்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. வெள்ளிதோறும் கோயிலுக்கும் போகிறேன். அங்கே நடக்கும் பிரசங்கத்தில் "நான் என்பது அழியவேண்டும்" என்கிறார்கள். ஒரு பக்கம் என்னை நேசிக்கச் சொல்கிறது. மறுபக்கம் அந்த "என்னை"யே இல்லாமற் செய்யச் சொல்கிறது. விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு, இறைவன் வேண்டுவது உள்ளக் கமலமே என்ற அவருடைய பாடலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்த இடத்தில் என் குரல் தடுமாறுகிறது. எதை நம்பி நடப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கல்லடி உளவளத்துணையாளர் எழுதியது:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தக் கண்ணாடிப் பயிற்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றியிருக்கிறது. அது உங்களுக்குப் பலன் தராமற் போனது உங்கள் பிழை அல்ல. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றிக் குறைவான மதிப்பு வைத்திருந்தவர்கள் "நான் அன்புக்குரியவர்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அதைச் சொல்லாமல் இருந்த அதே தன்மையினரைவிட மனம் சோர்ந்திருந்தார்கள். மனம் ஒப்பாத ஒன்றை வாய் வற்புறுத்தினால், மனம் உடனே எதிர்ச்சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. உங்களுக்குள் எழுந்த "பொய்" என்ற குரலும் அப்படி வந்ததுதான். நாளையிலிருந்து அதை நிறுத்திவிடுங்கள்.

1998இல் மார்ட்டின் செலிக்மன் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, நோயைப் பற்றி மட்டும் ஆராயாமல் மனித வாழ்வு எதனால் செழிக்கிறது என்பதையும் ஆராயவேண்டும் என்று வலியுறுத்தியதிலிருந்து நேர்மறை உளவியல் என்ற இந்தத் துறை வளர்ந்தது. எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருக்கவேண்டும் என்று அது கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்கள் அந்தத் துறையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். கரோல் ரிஃப் 1989இல் உள நல்வாழ்வின் ஆறு கூறுகளை வகுத்தபோது, தன்னை ஏற்றல் என்பதை அவற்றில் ஒன்றாக வைத்தார். தன்னிடமுள்ள நல்லதையும் கெட்டதையும் சேர்த்து அறிந்து ஏற்பதையே அவர் அப்படிச் சொன்னார். ஆகவே நீங்கள் தேடும் ஏற்பு, "நான் அடிக்கவில்லை" என்றோ "அது பெரிய விடயமில்லை" என்றோ சொல்வதால் வரப்போவதில்லை. "நான் அடித்தேன்" என்ற வாக்கியத்தை முழுமையாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் உங்களை வீட்டுக்குள் இருக்க விடுவதுதான் ஏற்பு.

குற்றவுணர்வையும் அவமான உணர்வையும் நாங்கள் பிரித்துப் பார்ப்பதுண்டு. "நான் செய்தது பிழை" என்பது முதலாவது. "நானே பிழை" என்பது இரண்டாவது. முதலாவது மனிதரைத் திருத்தத்தின் பக்கம் கொண்டுபோகும். இரண்டாவது மூலையில் உட்காரவைத்துவிடும். உங்களை நீங்களே மன்னித்தால் அந்தச் செயலைச் சிறிதாக்கியதாகிவிடும் என்று நீங்கள் அஞ்சுவதாக எனக்குப் படுகிறது. என்னிடம் வரும் பலருக்கும் இந்த அச்சம் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானதைக் காட்டியது. தாம் செய்த ஒரு தவறை நினைத்து வருந்தியவர்களில், தம்மைப் பரிவோடு பார்க்கும்படி வழிநடத்தப்பட்டவர்களே அதற்கு ஈடுசெய்யவும் மறுபடி செய்யாதிருக்கவும் கூடுதலாக உறுதிகொண்டார்கள்.

தன்பரிவு என்ற இந்தக் கருத்தைக் கிறிஸ்டின் நெஃப் 2003இல் மூன்று பகுதிகளாக விளக்கினார்: தன்னிடம் கனிவாக இருத்தல், இது எல்லா மனிதருக்கும் நேரக்கூடியது என்று உணர்தல், வலியைப் பெருக்காமலும் மறைக்காமலும் உள்ளபடி பார்த்தல். உங்கள் நிலையில் இரண்டாவதுதான் மிகவும் பின்தங்கியிருக்கிறது. ஆறு வருடம் இராத்தூக்கம் இல்லாமல் தனி ஒருவராக நோயாளியைப் பார்த்தவர்களில் கை நீட்டியவர் நீங்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இதே கதையைச் சொன்னவர்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியாது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்களோடு கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை இதே கதையை உங்களிடம் வந்து சொன்னதாக வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பொய்யான ஆறுதல் ஒன்றும் எழுதவேண்டாம். அவருடைய முகத்தைப் பார்த்து உண்மையில் என்ன சொல்வீர்களோ அதையே எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அதை உங்கள் பெயருக்கு வந்த கடிதமாக எடுத்து வாசியுங்கள். இரவில் படுக்கப்போகுமுன், அன்று நடந்த மூன்று நல்ல விடயங்களையும் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிவரலாம். செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் அதன் நன்மை ஆறு மாதம்வரை தெரிந்தது.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் குலைந்திருந்தால், அல்லது வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், இவற்றோடு நின்றுவிடாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

டீச்சர், உங்கள் பதிவை வாசித்துவிட்டு நெடுநேரம் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். பக்கவாதத்தில் விழுந்த என் வாப்பாவை நான்கு வருடம் பார்த்தவள் நான். நான் கை நீட்டவில்லை. ஆனால் "எப்பதான் இது முடியும்" என்று அவருக்குக் கேட்கும்படியாகவே ஒரு நாள் சொன்னேன். அவருக்குப் பேச்சு வராது, காது நன்றாகக் கேட்கும்.

மேலே சொன்ன மூன்று நல்ல விடயங்களை நானும் எழுதினேன். ஒவ்வொரு இரவும் எழுதியபோது அது கடைச் சாமான் துண்டைப் போல் ஆகிவிட்டது. பிறகு வெள்ளி இரவில் மட்டும், வாரம் ஒரு முறை எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் எழுதுவது உள்ளே இறங்கியது.

சிறுபிள்ளையில் மதரஸாவில் கேட்ட ஒரு ஹதீஸ் எனக்குக் கைகொடுத்தது. போர்க்கைதிகளுக்குள் ஒரு பெண் தன் குழந்தையைத் தேடி அலைந்து, கண்டெடுத்ததும் மார்போடு அணைத்துப் பாலூட்டினாள். "இவள் தன் பிள்ளையை நெருப்பில் எறிவாளா" என்று நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களிடம் கேட்டார்கள். "ஒருபோதும் எறியமாட்டாள்" என்றார்கள் அவர்கள். இந்தத் தாய் தன் பிள்ளைமீது கொண்ட இரக்கத்தைவிட அல்லாஹ் தன் அடியார்கள்மீது அதிக இரக்கம் உடையவன் என்று நபியவர்கள் சொன்னார்கள். என் வாப்பா என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரிய வழியில்லை. தௌபாவின், அதாவது பாவமன்னிப்புக் கேட்டுத் திரும்புவதின், கதவு திறந்திருக்கிறது என்பது தெரியும். உங்கள் தாயார் உங்களைத் தன் உம்மா என்று நினைத்த அந்த நிமிடத்தைப் பற்றியே நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், டீச்சர். அந்த நிமிடத்திலும் அவர் உங்களிடமிருந்து விலகி ஓடவில்லை. தாயிடம் பேசும் பிள்ளையாகத்தான் பேசியிருக்கிறார்.

மண்டூர் ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

அன்பு மகளுக்கு,

"நான் அழியவேண்டும்" என்ற பிரசங்கத்தைக் கேட்டுக் குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். பிரசங்கியாரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பாதியில் விட்டால் உங்களைப் போன்றவர்களுக்கு அது தீங்காகிவிடும். எங்கள் சைவ சித்தாந்தத்தில் ஆணவம் என்பது "நான் பெரியவன்" என்ற செருக்கை மட்டும் குறிக்கவில்லை. அணுவைப் போல் உயிரைச் சுருக்கிவிடுவதால் அதற்கு ஆணவம் என்று பெயர். அது இருளுக்கு ஒப்பிடப்படும். "உலகத்தில் நான் மட்டுமே இவ்வளவு கெட்டவள், எனக்கு மன்னிப்பே இல்லை" என்ற எண்ணமும் உயிரைச் சுருக்கி இருட்டுக்குள் தள்ளுகிறது. அழியவேண்டிய "நான்" அதுதான். அடுத்த நாள் விடியற்காலையில் எழும்பி அம்மாவைக் குளிப்பாட்டிய உங்கள் கையை எந்தச் சாத்திரமும் அழிக்கச் சொல்லவில்லை.

நீங்கள் சிவபுராணம் படிப்பவராக இருப்பீர்கள். "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்ற அடியை நாற்பது வருடம் படித்த பிறகுதான் அதன் ஒழுங்கு எனக்குப் பிடிபட்டது. மாணிக்கவாசகர் முதலில் தன்னைச் சீர்செய்துகொண்டு, பிறகு தயவைப் பெற்றதாகப் பாடவில்லை. கிடந்த இடத்திலேயே, கிடந்த கோலத்திலேயே தயவு வந்து சேர்கிறது. அதற்கு அவர் தேடி எடுத்த உவமையும் தாய்தான். அக்கரைப்பற்றுச் சகோதரி சொன்ன நபிமொழியிலும் தாய் வந்திருப்பதைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வைகாசியில் உங்கள் ஊர்க் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கிறதல்லவா? மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவள் அவள். அந்தக் கோபம் நடக்கவில்லை என்று நம் முன்னோர் மறைக்கவில்லை. கோபக்காரி என்று ஊருக்கு வெளியே நிறுத்திவிடவும் இல்லை. உள்ளே அழைத்து இருத்தி, பாடிக் குளிரச் செய்கிறோம். ஒரு வருடம் செய்ததோடு அது முடிந்துவிடுவதும் இல்லை; அடுத்த வைகாசியிலும் மறுபடி பாடுகிறோம். உங்களுக்குள் எரிவதையும் அப்படி நடத்துங்கள் என்பதே நான் கேட்பது.

எங்கள் மண்டூர் முருகனுக்குப் பூசகரான கப்புகனார் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். நாங்கள் மூடிய திரைக்கு வெளியே நிற்போம். கண்ணாடி முன் சொன்ன வாக்கியங்கள் கசந்துபோனால், ஒரு சொல்லும் சொல்லாமல் பத்து நிமிடம் அப்படி நின்றுபாருங்கள், மகள்.

கல்லடி உளவளத்துணையாளர் எழுதியது:

அக்கரைப்பற்றுச் சகோதரி கவனித்தது சரியானது. சோன்யா லுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரம் ஒரு முறை எழுதியவர்களிடம் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் அப்படிக் கூடவில்லை. ஆகவே எத்தனை தடவை என்பதை உங்கள் மனமே தீர்மானிக்கட்டும். என் முந்தைய பதிலில் இதைச் சேர்த்திருக்கவேண்டும்.

காரைதீவு ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது.

கடிதத்தை இன்னும் முடிக்கவில்லை. "அன்புத் தங்கச்சிக்கு, நீ அன்று எவ்வளவு களைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்" என்ற முதல் வரியை எழுதிவிட்டு நிறையவே அழுதேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. அழுதபோது "பொய்" என்ற குரல் வரவில்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன். அந்தப் பன்பாயை இவ்வளவு நாளும் சுருட்டி, கண்ணில் படாதபடி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். சென்ற சனிக்கிழமை எடுத்து விரித்து, கிணற்றடியில் கழுவி, வேலியில் காயப்போட்டேன். அம்மா பிய்த்த ஓரம் அப்படியே இருக்கிறது. அதை மடித்துத் தைக்க மனம் வரவில்லை, தைக்கவும் இல்லை.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி மறதி நோயுள்ள தன் அம்மம்மாவைத் தனியே பார்த்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அங்கே போய், நான் இருக்கிறேன், நீ போய்ப் படு என்றேன். முதலில் மறுத்தாள், பிறகு பாயைக்கூட விரிக்காமல் வெறும் நிலத்தில் படுத்து இரண்டு மணித்தியாலம் தூங்கினாள். அந்த அம்மம்மா என்னை யாரோ ஒரு பெரியம்மா என்று நினைத்து, வயல் விதைத்தாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். விதைத்தாயிற்று என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அடுத்த செவ்வாயும் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.