ஸ்டீவன் பீனார் 2012-ல் தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியான பஃபானாவை விட்டு விலகியது சரியா?

சாட்ஸ்வொர்த்காரன்:
நம் நாடு பெற்ற மிட்ஃபீல்டர்களில், அதாவது நடுக்கள ஆட்டக்காரர்களில், பீனாரை முதல் வரிசையில் வைக்க எனக்கும் தடையில்லை. காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் 2012 அக்டோபரில் தேசிய அணியே வேண்டாம் என்று விலகினாரே, அதை ஏன் இங்கே யாரும் பேசுவதில்லை? அப்போது அவருக்கு வயது 30. அணியின் கேப்டன். அடுத்த ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை நம் மண்ணில் நடக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். வேறு எந்த நேரத்தில் விலகியிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். சொந்த ஊரில் திருவிழா நடக்கும்போது தேரை இழுக்க மாட்டேன் என்று போனவர் அவர்.

டொங்காட் தம்பி:
அண்ணே, விலகிய நாளை மட்டும் பார்க்கிறீர்கள். அதற்கு முன் பத்து வருஷம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் வெஸ்ட்பரியில் பிறந்து, கேப் டவுன் அயாக்ஸ் கிளப் வழியாக 2001-ல் ஆம்ஸ்டர்டாம் அயாக்ஸுக்குப் போனார். இருபது வயதில் உலகக் கோப்பை அணியில் இடம். அயாக்ஸோடு இரண்டு லீக் பட்டங்கள். 2003 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் சான் சீரோவில் மிலானுக்கு எதிராக 2-2 என்று சமன் செய்த கோல் அவருடையது. கடைசி நிமிடத்தில் மிலான் இன்னொன்று போட்டுவிட்டது, அது வேறு கதை. பிறகு ஜெர்மனியின் டோர்ட்முண்டில் ஒரு சீசன், 2007 முதல் இங்கிலாந்தின் எவர்ட்டன். இத்தனைக்கும் நடுவே நாட்டுக்காக 61 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பாவிலிருந்து பறந்து வந்து, ஆடி, திரும்பப் பறந்து போய் மூன்று நாளில் கிளப்புக்காக இறங்கியவர். பயணத்தையும் உடம்பு படும் பாட்டையும்தான் அவர் காரணமாகச் சொன்னார். அதை ஏன் நம்பக் கூடாது?

சாட்ஸ்வொர்த்காரன்:
எல்லாரும்தான் பறக்கிறார்கள் தம்பி. லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஒரு ராத்திரி விமானம். நேர வித்தியாசம் ஓரிரு மணிதான். மாலியின் சேய்டு கீட்டாவைப் பார். அவரும் மிட்ஃபீல்டர்தான். பார்சிலோனாவில் ஜெயிக்க வேண்டியதெல்லாம் ஜெயித்துவிட்டு அப்போது சீனாவில் ஆடிக்கொண்டிருந்தார். வயது 33. அவர் வந்தார். வந்து, டர்பன் மோசஸ் மபீடா மைதானத்தில் நம் கண் முன்னாலேயே சமன் கோலைத் தலையால் முட்டினார். நம் ரன்டியே போட்ட கோலில் நாம் முன்னால் இருந்த ஆட்டம் அது. 1-1, அப்புறம் பெனால்டியில் 3-1 என்று காலிறுதியோடு வெளியே. நம் ஃபர்மன், மஹ்லாங்கு, மஜோரோ மூவருமே தவறவிட்டார்கள். அனுபவமுள்ள கேப்டன் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டாமா?

ஃபீனிக்ஸ் அக்கா:
பெனால்டியை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் தவறவிட்ட இடம் அது. பீனார் இல்லாத குறை தெரிந்தது அங்கே இல்லை, முதல் ஆட்டத்தில். சாக்கர் சிட்டியில் கேப் வெர்டேயோடு 0-0. ஆப்பிரிக்கக் கோப்பைக்கே முதல் முறையாக வந்த சின்னத் தீவு நாடு அது. நம்மிடம் ஓடுகிறவர்கள் இருந்தார்கள், முட்டி மோதுகிறவர்கள் இருந்தார்கள். பந்தை நிறுத்தி, இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, மூன்றாவது ஆளுக்குத் தட்டிவிட ஆள் இல்லை.

அதுதான் பீனாரின் வேலை. எவர்ட்டனில் இடது தடுப்பாட்டக்காரர் லெய்டன் பெய்ன்ஸோடு இடது பக்கத்தில் அவர் ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் பாருங்கள். பந்து வந்ததும் பீனார் கோட்டை விட்டு உள்ளே நகருவார். எதிரணியின் ரைட்-பேக், அதாவது வலது தடுப்பாட்டக்காரர், கூடவே போவார். அந்தக் காலி இடத்தில் பெய்ன்ஸ் ஓடி வருவார். பந்து சரியாக அவர் காலடிக்குப் போகும். கோல் கணக்கிலும் இது வராது, பல சமயம் கடைசி பாஸ் கணக்கிலும் வராது. 2009-10 சீசனின் சிறந்த ஆட்டக்காரராக எவர்ட்டன் அவரைத் தேர்ந்தெடுத்தது இந்த வேலைக்காகத்தான். பஃபானாவில் அவருக்குப் பக்கத்தில் பெய்ன்ஸ் மாதிரி ஒருவர் அமையவே இல்லை. எல்லாவற்றையும் அவரே செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தோம். 2010 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் 0-3 என்று தோற்றபோது அவர் மேல் விழுந்த ஏச்சு கொஞ்சமா?

அண்ணே கேட்கும் கேள்வியை நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். 2011-ல் ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் சியரா லியோனோடு 0-0 ஆடிவிட்டு, தகுதி பெற்றுவிட்டோம் என்று மைதானத்தில் நடனம் ஆடினார்கள். போட்டி விதியையே சரியாகப் படிக்கவில்லை. நைஜர் போனது, நாம் வீட்டில் இருந்தோம். உடம்பில் மிச்சமிருப்பதை இப்படிப்பட்ட அமைப்பிடம் ஒப்படைக்க ஒருவர் தயங்கினால் எனக்குப் புரிகிறது.

மெரீபாங்க் ஐயா:
பிள்ளைகளே, நீங்கள் 2012-லிருந்து கணக்குப் போடுகிறீர்கள். நான் டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானக் காலத்து ஆள். அங்கே ஆடிய நம் பையன்களில் எத்தனையோ பேர் எந்த நாட்டு அணியிலும் ஆடத் தகுதியானவர்கள். அவர்களுக்கு நாட்டின் சட்டையே கிடையாது. இனவெறி ஆட்சியால் ஃபிஃபா நம்மை 1976-ல் வெளியே தள்ளியது. 1992 ஜூலையில்தான் திரும்பி வந்தோம். முதல் ஆட்டம் இங்கே டர்பனில், கிங்ஸ் பார்க்கில், கேமரூனுக்கு எதிராக. டாக்டர் குமாலோ பெனால்டி போட்டு 1-0. அவரும் ஒரு மிட்ஃபீல்டர்தான். அன்றைக்கு அழாதவர்கள் குறைவு. அந்தச் சட்டையைக் கேப்டன் ஒருவர் 30 வயதில் கழற்றி வைத்தால் எனக்கு வலிக்கிறது. சாட்ஸ்வொர்த்காரன் சொல்வது நியாயம்தான்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய பயிற்சியாளர் கார்டன் இகசுண்ட், நம் மானிங் ரேஞ்சர்ஸை 1996-97-ல் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சாம்பியன் ஆக்கியவர். பெரிய நட்சத்திரங்கள் இல்லாமலேயே அதைச் செய்தார். அவருக்குப் பீனாரும் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

டொங்காட் தம்பி:
ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனாலும் அந்தத் தலைமுறையின் கடனை ஒரு மனிதனின் முழங்காலில் ஏற்றக் கூடாது. இந்தியர்களான நம்மை டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளிய ஆட்சிதான் வெஸ்ட்பரியையும் கலப்பினத்தவருக்கென்று ஒதுக்கியது. ரவுடிக் கும்பல்களின் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பையன் அவர். அவருக்கும் அந்த வரலாற்றில் பங்கு உண்டு.

நேரத்தையும் பாருங்கள். 2011 ஜனவரியில் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாம் போனார். அங்கே இடது பக்கத்தில் கேரத் பேல் இருந்தார். காயமும் சேர்ந்துகொண்டதில் ஒரு வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் போயிற்று. கடனாக எவர்ட்டன் திரும்பி, 2012 ஜூலையில்தான் மறுபடி நிரந்தரமாகச் சேர்ந்தார். இழந்த இடத்தை முப்பது வயதில் மீட்டவர் ஜனவரியில் சீசன் நடுவே கிளம்பிப் போனால், திரும்பி வரும்போது அந்த இடம் இருக்குமா? இன்னொன்று, அக்டோபரிலேயே சொல்லிவிட்டார். இகசுண்டுக்கு அணியை மாற்றி அமைக்க மூன்று மாதம் கிடைத்தது.

சாட்ஸ்வொர்த்காரன்:
நீ சொல்வதே என் பக்கம்தான் வருகிறது தம்பி. அந்த சீசன் முழுக்க எவர்ட்டனுக்கு வாராவாரம் ஆடினார். அணி ஆறாவது இடத்தில் முடித்தது. அதற்கு உடம்பு ஒத்துழைத்ததே. போட்டி மொத்தமும் ஜனவரி 19 முதல் பிப்ரவரி 10 வரை. தைப்பூசத்தன்று காவடி இறக்கிவிட்டு மொராக்கோ ஆட்டத்துக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2-2 என்று முடிந்து காலிறுதிக்குப் போனபோது ஊரே கத்தியது. பிப்ரவரியில் விலகுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நானே எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ஃபீனிக்ஸ் அக்கா:
வாராவாரம் ஆட முடிந்ததே நீண்ட பயணங்களை விட்டதால்தான் அண்ணே. அதற்கு அடுத்த வருஷங்களைப் பாருங்கள். காயம் மேல் காயம். 2016-ல் எவர்ட்டனை விட்டு வெளியே வருவதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் அவர் இறங்கிய லீக் ஆட்டங்கள் மிகக் குறைவு. சண்டர்லாந்தில் ஒரு வருஷம், ஜோகன்னஸ்பர்க் கிளப்பான பிட்வெஸ்ட் விட்ஸில் சில மாதங்கள், 2018 மார்ச்சில் மொத்தமாக ஓய்வு. உடம்பு தாங்காது என்று அவர் 2012-ல் சொன்னது சாக்குப்போக்கு இல்லை என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

சாட்ஸ்வொர்த்காரன்:
உடம்பு பிறகு விட்டுக்கொடுத்தது உண்மை, அதை மறுக்க மாட்டேன். நான் கேட்பது அந்த மூன்று வாரத்தைத்தான். கேப் வெர்டே ஆட்டத்தில் பந்தைத் தட்டிவிட ஆள் இல்லை என்று நீங்களே எழுதினீர்கள் அக்கா. அந்த ஆள் அப்போது எவர்ட்டனின் ஊரான லிவர்பூலில் இருந்தார்.