மறு: புகைத்தேறலா, புகைத்தேயிலை பியரா?

அன்புள்ள நண்பர்களே,

நம் பியர்ச் சொற்பட்டியலில், புகையூட்டிய தேயிலை போட்ட கடும் பியருக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில் சென்னை ஐயா எழுதியது:

> கடும் பியர், அதில் தேயிலை, அதற்குள் புகை. ‘புகைத்தேறல்’ என்று வைத்துவிடலாம். சங்கச்சொல். ‘தே’யும் உள்ளே இருக்கிறது.

சென்னை ஐயாவின் சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேறல் என்றால் தெளிந்த கள். இந்தப் பியர் லேசில் தெளியாது. தேயிலையின் பாலிபீனால்கள் (துவர்ப்புத் தரும் பொருள்கள்) மோல்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின், புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், குளிரக் குளிரக் கலங்கும். கடும் சாயத் தேத்தண்ணி ஆறினால் மங்குமே, அந்த நிறம். கலங்கிக் கிடக்கிற ஒன்றுக்குத் தேறல் என்று பெயர் வைத்தால், பொருள் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இதை வெறும் அகராதியை வைத்துச் சொல்லவில்லை. போன ஞாயிறு உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டில் அப்படியொரு போத்தலைத் திறந்தோம். கனடாவிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்தது. ஒன்பது சதவீதம், லாப்சாங் சூச்சொங் தேயிலை போட்டது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்தபோது இனிப்பும் கசப்பும்தான், வேறொன்றும் பெரிதாக இல்லை. இந்த வகையை 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரையில் குடிக்கச் சொல்வார்கள். திருகோணமலை வெக்கையில் அந்தச் சூட்டுக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? கதை பேசிக்கொண்டிருக்கும்போதே மணம் எழும்பிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணர் கடற்தொழில் செய்கிறவர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர், “இது மாசியல்லோ!” என்றார். வீட்டுக்கார அக்கா தாதி. குடிக்கவில்லை, மணந்து மட்டும் பார்த்துவிட்டு, “டெட்டோல்” என்றார். அதோடு சண்டை தொடங்கிவிட்டது.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மாசிக் கருவாட்டுக்கு மீனை அவித்துப் புகையில் வைத்துக் காயவைப்பார்கள். சீனாவின் வூயி மலைப் பக்கத்தில் லாப்சாங் சூச்சொங் இலையை வாட்டுவதும் காயவைப்பதும் பைன் விறகுப் புகையில். விறகில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வேகும்போது குவாயகோல் போன்ற பீனால்கள் என்ற மணப்பொருள்கள் வரும், மூக்கு பிடிப்பது அதைத்தான். டெட்டோலில் இருக்கும் குளோரோசைலினோலும் பீனால் வகையே. குளோரின் போட்ட தண்ணீரில் பியர் காய்ச்சினால் பீனாலும் குளோரினும் சேர்ந்து ஆஸ்பத்திரி மணம் வந்துவிடும், அது முழுக்கக் குறை. அக்கா சொன்னது அந்தக் குறையா, வெறும் புகையா என்று எங்களால் முடிவுகட்ட முடியவில்லை.

நமக்குச் சொல் தேவைப்படுவது இங்கேதான். இன்னொரு நண்பர் ‘புகைச்சுவை’ என்றிருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், புகை காணாமல் போகும். நாக்கில் மிஞ்சுவது இனிப்பு, கசப்பு, வாயை இழுத்துப் பிடிக்கும் கயர். ஆகவே சுவை வேண்டாம், புகைமணம் என்போம். செயலுக்கு புகையூட்டல். இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். ஜெர்மனியின் பாம்பேர்க் நகரில் மோல்ட்டையே பீச் விறகுப் புகையில் காயவைப்பார்கள், நாங்கள் குடித்ததில் மோல்ட் சாதாரணம், புகை தேயிலையோடு வந்தது. பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் புகுந்த பியரிலோ யாரும் எதையும் புகையூட்டாமலே புகைமணம் வரும்.

பியரின் பெயருக்கு எனக்கு ‘புகைத்தேயிலை பியர்’ போதும். ‘கடும்’ முன்னால் வேண்டுமா? நம்மூர்க் கடையில் லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பியரே 8.8 சதவீதம், அதை யாரும் கடும் ஸ்டவுட் என்று கேட்டு வாங்குவதில்லை. சதவீதத்தை எழுதிவிட்டால் சரி.

குறையாக வரும் புகைக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. ‘புகைபிடித்த’ என்றால் சிகரெட் ஞாபகம் வருகிறது. ‘புகையடித்த’ என்றால் இங்கே டெங்கு நுளம்புக்கு அடிக்கிற புகை.

திருகோணமலையிலிருந்து

---

வணக்கம் அண்ணா,

அட்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத் தேயிலையில் புகை வந்தால் அது குற்றம்தான். உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடான காற்று தனிக் குழாயில் வரும், விறகுப் புகை இலையைத் தொடக்கூடாது. குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால் தூளில் ஏறிவிடும், சுவைப்பவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பியதும் கண்டுபிடித்துவிடுவார். வூயியில் விலை கூட்டுகிற அதே மணம் இங்கே விலையைக் குறைக்கும். குறைக்கு புகைவாடை என்று போடுங்களேன். வாடை என்றாலே யாரும் நல்ல அர்த்தத்தில் எடுக்கமாட்டார்கள்.

அப்புறம் ‘கயர்’ என்று நீங்கள் எழுதியதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கயிறு என்று வாசித்துவிடப் போகிறார்கள்!

---

தேறலைக் கைவிடுகிறேன், மனசே இல்லாமல். தெளிவு பற்றிய வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. புகைவாடையும் நல்ல சொல். கயரை நான் கயிறு என்றுதான் வாசித்தேன், அட்டனிலிருந்து எழுதிய அம்மா சொன்னது சரி. எங்களுக்குத் துவர்ப்பு. பட்டியலில் துவர்ப்பைத் தலைச்சொல்லாக வைத்து, ‘இலங்கை வழக்கு: கயர்’ என்று பக்கத்தில் போடலாம்.

ஒரே ஒரு கேள்வி. புகைமணமும் புகைவாடையும் ஒரே பீனாலிலிருந்து வருகின்றன என்றால், போட்டி நடுவர் எதை எழுதுவார்?

சென்னையிலிருந்து

---

ஐயா, மீண்டும் திருகோணமலையிலிருந்து. காய்ச்சியவர் என்ன செய்ய நினைத்தார் என்பதைப் பார்த்துத்தான். லேபிளில் புகை என்று இருந்தால் புகைமணம். வெறும் கோதுமை பியர் என்று தந்துவிட்டு மாசி மணந்தால் புகைவாடை. நடுவருக்கு முன்னால் போத்தல் எந்த வகையில் போட்டியிடுகிறது என்ற குறிப்பு இருக்கும், அதனால் இதில் சிக்கல் வராது. கயருக்கு நீங்கள் சொன்னபடியே போடுவோம். பட்டியலில் இன்று மாலை ஏற்றிவிடுகிறேன். அடுத்தது ‘வோர்ட்’, புளிக்கவைப்பதற்கு முந்தைய மோல்ட் சாறு. அங்கே ஊறல் என்பீர்கள், இங்கே கசிப்புக்காரர் (கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள்) கோடா என்கிறார்கள். தேயிலையையும் ஊறத்தான் போடுகிறோம் என்பதால், எனக்கு ஊறல் இடிக்கிறது.