கவலையா, கரிசனையா: ஐ.நா. தீர்மானங்களுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக நம் கலைச்சொல் மடல்களை வாசித்துவருகிறேன். ஒரு நாட்டின் மனித உரிமை நிலைமை குறித்து உலக நாடுகள் தெரிவிக்கும் 'கன்சர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று சாதாரணமாகத்தான் கேள்வி தொடங்கியது. அதற்குள் கவலை, கரிசனை, அக்கறை, விசனம், கவற்சி என்று ஐந்து சொற்கள் வரிசையில் நிற்கின்றன.

> கவலை என்றாலே போதாதா? நாளேடுகள் எல்லாம் அப்படித்தானே எழுதுகின்றன.

பாதி போதும். 'மியன்மார் நிலை: ஐ.நா. கவலை' என்ற தலைப்பைப் படிப்பவருக்கு, யாரோ கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் தீர்மானத்தில் வரும் கவலை, நாடுகள் வரி வரியாகப் பேரம் பேசி, வாக்கெடுத்துப் பதிவுசெய்யும் ஒரு செயல். அதற்கு எடை உண்டு. 2022 டிசம்பரில் பாதுகாப்பு அவை மியன்மார் பற்றி நிறைவேற்றிய 2669ஆம் தீர்மானத்தில், இராணுவம் கொண்டுவந்த நெருக்கடி நிலை தொடர்வது குறித்து இருப்பது 'டீப் கன்சர்ன்'. 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி நிறைவேற்றிய 46/1 என்ற தீர்மானத்தில், சிவில் நிர்வாகம் இராணுவமயமாவது உள்ளிட்ட போக்குகள் குறித்து இருப்பது 'சீரியஸ் கன்சர்ன்'. பேரவையில் 47 நாடுகள். 46/1க்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 14. இப்படி எண்ணி எண்ணி வாக்குச் சேர்க்கும் இடத்தில் ஓர் அடைமொழியைக் கூட்டுவதும் குறைப்பதும் விளையாட்டில்லை. நாமோ இரண்டையும் 'ஆழ்ந்த கவலை' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

அப்புறம், எண்ணிக்கைச் சிக்கல். ஐ.நா. மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் ஒப்பந்தக் குழுக்கள் ஒரு நாட்டைப் பரிசீலித்து முடித்ததும் இறுதி அவதானிப்புகளை வெளியிடும். அதில் ஒரு பத்தி 'குழு கவலை கொள்கிறது' என்று தொடங்கும். அதற்கு அடுத்ததோ 'அரசு இன்னதைச் செய்ய வேண்டும்' என்று தொடங்கும். முதல் பத்தி குறை, இரண்டாவது பரிந்துரை. ஆக, இங்கே கன்சர்ன் என்பது எண்ணக்கூடிய பொருள். 'குழுவுக்குப் பதினெட்டுக் கவலைகள்' என்று எழுதிப் பாருங்கள், குடும்பத்தில் ஏதோ பிரச்சினை போல இருக்கும்.

> கவற்சி என்று பழஞ்சொல் ஒன்று இருக்கிறது. அதை மீட்கலாம்.

அழகான சொல்தான். ஆனால் எந்தப் பிழைதிருத்தியும் அதை விட்டுவைக்க மாட்டார். 'பெலாரஸ் நிலைமை குறித்து ஐ.நா. கவர்ச்சி' என்று அச்சாகி வரும், நாம் அடுத்த நாள் திருத்தம் போட்டுக்கொண்டிருப்போம். (பழைமை வேண்டுமென்றால், 'கவலை'யே சங்கப் பாடல்களில் கிளை கிளையாகப் பிரியும் பாதையைக் குறித்த சொல். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிற இடம். சில தீர்மானங்களைப் பார்த்தால் அந்தப் பொருளே பொருத்தம் என்று தோன்றும்.)

விசனம் ஈழத்து ஏடுகளில் அன்றாடம் வருகிறது, தெரியும். ஆனால் 'வீதி திருத்தப்படவில்லை, மக்கள் விசனம்' என்பதுதான் அதன் இயல்பான இடம். அடிபட்டவர் சொல்லும் சொல் அது, வெளியிலிருந்து பார்ப்பவர் வாயில் ஒட்டாது. அக்கறை பற்றி அதிகம் பேச வேண்டாம். இந்த இடத்துக்கு அது மிகவும் இனிப்பு.

கரிசனைதான் உண்மையான போட்டி. தமிழ்நாட்டுக் காதில் 'கரிசனம்' பாசத்தின் பக்கம் சாய்கிறது. 'இலங்கை மீது கரிசனை' என்றால் கொழும்பின் மேல் அன்பு என்று படிப்பவர் உண்டு. அந்த 'மீது'வும் ஒரு சிக்கல். கவலை நிலைமை குறித்துத்தான், நாட்டின் மீது அன்று. எந்தச் சொல்லை எடுத்தாலும் 'குறித்து' என்றே எழுதுவோம்.

சொல்லைப் பொறுக்குவது வெறும் ஒப்பனை என்று நினைப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் இருப்பவர்கள் 'காணாமல் போன ஆட்கள்'. உறவுகளைத் தேடித் தெருவில் உட்கார்ந்த குடும்பங்களின் சங்கங்கள் தங்கள் பெயரில் வைத்திருப்பது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. போவது தானாக நடப்பது. ஆக்குவதற்கு ஒருவர் வேண்டும். 'என்ஃபோர்ஸ்டு' என்ற சொல்லின் முழுப் பாரமும் அந்த ஒரு வினையில் வந்துவிட்டது. இத்தகைய காணாமல் ஆக்குதலுக்கு எதிராக 2006இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையைத் தமிழில் சொல்ல இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

சரி, என் முன்மொழிவு. வினைக்குக் கவலையே இருக்கட்டும், ஆனால் அடைமொழியைக் கட்டிப்போடுவோம்: 'சீரியஸ்' என்றால் கடுங்கவலை, 'டீப்' என்றால் ஆழ்ந்த கவலை, 'கிரேவ்' என்றால் பெருங்கவலை. ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது. 'அலார்ம்' வந்தால் பதைப்பு. 'டிப்ளோர்' வந்தால் கடிந்துரைக்கிறது, 'கண்டெம்' வந்தால் மட்டும் கண்டிக்கிறது. இன்றைக்கு இரண்டுமே கண்டனமாகிவிடுகின்றன. எண்ணக்கூடிய பெயருக்குக் 'கவலைக்கூறு'. 'குழு பதினெட்டுக் கவலைக்கூறுகளைச் சுட்டியது' என்றால் யாருக்கும் சிரிப்பு வராது.

இலக்கணத்தில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. தீர்மானம் முழுவதும் ஒரே வாக்கியம். முகப்புரையில் எச்சங்கள், செயற்பகுதியில் முற்றுகள். 'கவலை தெரிவித்தும், நினைவுகூர்ந்தும்' என்று முகப்புரையைத் தமிழில் ஓட்டுவது சுகமான வேலை. ஆனால் ஆங்கிலத்தில் ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லே கண்டனமா கவலையா என்று சொல்லிவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால் எட்டு வரி கடந்துதான் தெரியும். பத்தி எண்ணுக்குப் பக்கத்திலேயே 'கடுங்கவலை:' என்று போட்டுவிட்டு உள்ளடக்கத்தை எழுதலாம் என்பது என் யோசனை. மரபுக்கு மாறானதுதான்.

---

> ஐயா, எங்களுக்குக் கரிசனை பாசமாகக் கேட்பதில்லை. 'ஆழ்ந்த கரிசனை' என்று வாசித்தே வளர்ந்தோம். அதைத் தள்ளினால், இத்தனை வருட மொழிபெயர்ப்புகளை என்ன செய்வது?

நியாயம்தான் தம்பி. ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லாததால், இந்தச் சொற்களை அன்றாடம் புழங்கிப் பழக்கியவர்கள் ஈழத்தவர்களாகிய நீங்கள்தான். கவலையைத் தலைச்சொல்லாகவும் கரிசனையை ஈழ வழக்காகவும் சொற்பட்டியலில் ஒரே பதிவில் போடுகிறேன். மூன்று அடைமொழிகளும் இரண்டுக்கும் பொது. கவலைக்கூறு மட்டும் ஒரே வடிவில் இருக்கட்டும், 'கரிசனைக்கூறு' வாயில் நுழையவில்லை. 'அலார்ம்' பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பதைப்பில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.