ஆக்சஸ் பாயின்ட் வழியாக வந்தால் பிரிண்டர் தெரிவதில்லை

கேள்வி:
ஆபீஸ் பிராட்பேண்ட் ரவுட்டர் முன்னறையில் இருக்கிறது, ஐபி 192.168.1.1. பின்னறைக்கு சிக்னல் எட்டாததால் சும்மா கிடந்த வேறொரு வைஃபை ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக (அதே நெட்வொர்க்கை வைஃபையில் நீட்டும் கருவியாக) போட்டிருக்கிறோம். மெயின் ரவுட்டரின் லேன் (LAN, உள் நெட்வொர்க்) போர்ட்டிலிருந்து கேபிள் இழுத்து அதன் வேன் (WAN, வெளியிலிருந்து நெட் வரும்) போர்ட்டில் செருகியிருக்கிறது. நெட் வருகிறது. ஆனால் 192.168.1.50-இல் உள்ள பிரிண்டர் பின்னறை லேப்டாப்பில் தெரிவதில்லை. லேப்டாப்புக்கு 192.168.0.103 என்று ஐபி வருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
அந்த ஐபியிலேயே விடை இருக்கிறது. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: பிரிண்டர் 1-இல், லேப்டாப் 0-இல். வேன் போர்ட்டில் செருகினால் அது ரவுட்டராகத்தான் வேலை செய்யும்; தனி நெட்வொர்க், தனி டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் வசதி), நாட் (NAT, ஐபி மாற்றி அனுப்புவது) மேல் நாட். பிரிண்டரின் ஐபியைக் கையால் அடித்துச் சேர்த்தால் பிரிண்ட் போகவும் கூடும். தானாகத் தேடினால் கிடைக்காது, தேடுகிற பிராட்காஸ்ட் (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் அனுப்பும் செய்தி) ரவுட்டரைத் தாண்டாது.

செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைப் போடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் மெயின் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை இரண்டாவது ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். முதலில் அதன் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள். மெயின் ரவுட்டர் கொடுக்கும் டிஎச்சிபி வரம்புக்குள் இந்த எண் இருக்கக் கூடாது. இருந்தால் வரம்பை 100–199 என்று ஒதுக்குங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் 192.168.1.2-இல் நுழைந்து, கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்தால் லேப்டாப்புக்கு 169.254-இல் தொடங்கும் ஐபி வந்து செட்டிங் பக்கமே திறக்காமல் போகலாம்.

பிறகு மெயின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே கிடக்கட்டும். மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெருக்கித் துடைக்கும்போது கழன்ற கேபிளை யாராவது அதிலேயே திருப்பிச் செருகுவார்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. வைஃபை பக்கம்: இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே செக்யூரிட்டி வகை. சேனல் மட்டும் வேறு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11-இல் ஒன்றை இதற்கு, இன்னொன்றை அதற்கு. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சோதித்து முடியும்வரை பெயரை மாற்றி வைப்பது நல்லது, எதில் இணைந்திருக்கிறோம் என்று குழப்பம் வராது. பின்னறைக்குப் போன பிறகும் லேப்டாப் பழைய சிக்னலையே பிடித்துத் தொங்கினால் மெயின் ரவுட்டரின் டிரான்ஸ்மிட் பவரைக் குறையுங்கள். எதில் இணைவது என்பதைப் பெரும்பாலும் லேப்டாப்தான் முடிவு செய்கிறது, ரவுட்டர் அல்ல.

பதில் 3:
கேபிளையும் பாருங்கள். இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் இருந்தும் வேகம் 90 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையென்றால் கனெக்டரில் நீலக் கம்பி ஜோடியோ பிரவுன் ஜோடியோ சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை (அழுத்திப் பொருத்தப்படவில்லை) என்று சந்தேகப்படலாம். 568பி முறையில் (கனெக்டரில் கம்பிகளை அடுக்கும் வழக்கமான நிற வரிசை) ஆரஞ்சும் பச்சையும் இருந்தாலே 100 எம்பிபிஎஸ் ஓடிவிடும், அதனால் கோளாறு வெளியே தெரியாது. கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும்.

பின்னால் சீலிங்கில் மாட்டும் ஆக்சஸ் பாயின்ட் வாங்கினால், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் (பிஓஇ) கருவிகளில் 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரும் 802.3ஏஎஃப் வகையும் ஒன்றல்ல. பெட்டியில் எது போட்டிருக்கிறதோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்ஜெக்டரில் பிஓஇ என்று எழுதிய போர்ட் ஆக்சஸ் பாயின்டுக்கு, மற்றது ரவுட்டருக்கு. பாசிவ் வகையில் மாற்றிச் செருகினால் ரவுட்டர் போர்ட் கருகிவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
இப்போது லேப்டாப்புக்கு 192.168.1.104 வருகிறது, பிரிண்டரும் தெரிகிறது. ஒரு போன் மட்டும் வைஃபையில் இணைந்தும் நெட் இல்லை.

பதில் 1:
அதில் பழைய 192.168.0 ஐபி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வைஃபை பெயரை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி இணையுங்கள்.